இரும்புக்கென்று ஒரு காந்தம்

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆறாம் அத்தியாயத்தில் உள்ள வேதிவினையை வேறு யாராவது செய்து பார்த்தார்களா?

செய்து பார்த்தோம், வருகிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். அவளுக்கு முனைவர் பட்டம் உறுதி. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அவள் இல்லை. ஆனால் அதைப் பார்க்க அவள் அம்மா இருந்தார். அத்தைக்கு அந்தப் பட்டம் வேண்டும். எனக்கும் வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் இறந்த அன்று பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். தலை வலிக்கிறது என்று நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். என்னிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். குடிக்கவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். அவர் சொன்னதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை. இருந்தும் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகம், ஒரே பேராசிரியர். அவள் எனக்கு முன்னால் சேர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை சீனியர் என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் குக்கரைத் திறக்கத் தெரியாமல் நின்றால், "ஜூனியர், முதல்ல அழுத்தத்தை இறக்கு, அப்புறம் மூடிய தொடு" என்பாள்.

கரிமத்தையும் உலோகத்தையும் நேரடியாகப் பிணைப்பது எங்கள் வேலை. கரிம உலோக வேதியியல் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் பிணைப்புகள் பலவற்றுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. பட்ட மாத்திரத்தில் கெட்டுவிடும். அதனால் எங்கள் மேசைகளில் சுவரோரம் நீளமான கண்ணாடிக் குழாய்கள் ஓடும். ஒரு குழாயில் வெற்றிடம், இன்னொன்றில் ஆர்கான் வாயு. குடுவையிலிருந்து காற்றை இழுத்துவிட்டு ஆர்கானை நிரப்பி, மறுபடி இழுத்து, மறுபடி நிரப்பி, அதற்கப்புறம்தான் எதையும் தொடங்குவோம். நாள் முழுக்கப் பம்ப் இரைந்துகொண்டிருக்கும். அது நின்றால்தான் தலை நிமிர்வோம்.

இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டவைப்பது அவள் வினை. மருந்துக் கம்பெனிகளுக்கு அது தினசரி வேலை. ஆனால் அதற்குப் பல்லேடியம் வேண்டும். பூமியில் அரிதான உலோகம் அது. அந்த வேலையை அவள் இரும்பை வைத்துச் செய்தாள். புதிதாக ஒரு இரும்புச் சேர்மத்தை உருவாக்கி, அதில் ஒரு சிட்டிகை போட்டு வளையங்களை ஒட்டிக் காட்டினாள். அதுதான் ஆறாம் அத்தியாயம். அதற்கு முந்தைய அத்தியாயங்கள் எல்லாம் அந்தச் சேர்மத்தைச் செய்த கதை. எங்கள் பேராசிரியர் மேடம் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஆறாவதைத்தான் பேசினார்.

வினையை நான்தான் செய்ய வேண்டும் என்றார் மேடம். வெளியாள் கேட்டால் சொல்ல எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்றார். புதுக் குடுவை, புது ஊசி, கலக்குவதற்குப் புதுக் காந்தம். குடுவைக்குள் கிடக்கும் கட்டைவிரல் நகம் அளவு காந்தம் அது. மேலே வெள்ளை டெஃப்லான் உறை. அடியில் இருக்கும் தட்டு சுழற்ற, அதுவும் சுழலும்.

வரவில்லை.

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து, கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தேன். போட்ட இரண்டு பொருளும் போட்டபடியே இரண்டு புள்ளிகளாக நின்றன. ஒட்டியிருந்தால் அவற்றுக்கு நடுவில் புதிதாக ஒரு புள்ளி வந்திருக்கும். நடுவில் ஒன்றும் இல்லை. எங்கேயோ காற்று புகுந்துவிட்டது என்று நினைத்தேன். இணைப்புகளையெல்லாம் பிரித்துத் துடைத்து மறுபடி போட்டேன். அப்போதும் வரவில்லை. அவள் செய்த முறைப்படியே இரும்புச் சேர்மத்தையும் முதலிலிருந்து செய்தேன். ஒயின் நிறத்தில் அழகாக வந்தது. வினை மட்டும் வரவில்லை.

எங்களோடு படிக்கும் ஒருவனுக்கு ஆர்கான் என்று பெயர் வைத்திருந்தோம். ஆர்கான் வாயு எதோடும் வினைபுரியாது. அவனும் அப்படித்தான். தீப்பிடித்தால்கூடச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். என் தகட்டை வாங்கி விளக்கில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"உன் கைக்கு வரல. அவ கைக்கு வந்துச்சு. அவ்ளோதான்."

வேதியியலில் அப்படி ஒன்று கிடையாது என்றேன். சமையலிலும் கிடையாதுதான், ஆனாலும் எங்கம்மா வைக்கிற ரசம் எனக்கு வருவதில்லை என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளால் மட்டும்தான் முடியும் என்பது கேட்க நன்றாக இருந்தது.

ஆனால் அத்தை தினமும் வேலை முடிந்து போன் செய்தார். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"வந்துச்சா?"

"இல்ல அத்தை."

"சரி. நாளைக்கு?"

"நாளைக்குப் பாக்கறேன்."

பள்ளிக்கூடத்தில் மகளின் பரீட்சை முடிவை இப்படித்தான் விசாரித்திருப்பார்.

கடைசியில் ஆர்கான்தான் சொன்னான், புதுசெல்லாம் வேண்டாம், அவள் செய்த மாதிரியே செய் என்று. அவள் மேசை, அவள் குடுவை, அவள் மேக்னட். அவளுடைய இழுப்பறையைத் திறந்தேன். காந்தம் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் தனியாக இருந்தது. அந்தக் காந்தத்தை வைத்து அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் ஆய்வகத்தில் கிடையாது. புருஷனைக்கூடக் கடன் கொடுப்பாள், மேக்னட்டைக் கொடுக்க மாட்டாள் என்பார்கள். அவள் சேர்ந்த புதிதில் பொது டப்பாவிலிருந்து அதை எடுத்து, இது என் இரும்புக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டாள். மற்ற காந்தங்களைப் போட்டால் அதில் இரும்பு ஒட்டிக்கொண்டு அடுத்தவர் வினையில் மூக்கை நுழைக்கும். அடுத்தவர் மிச்சம் என் இரும்பில் கலக்கும். அதனால் இதை யாரும் தொடக்கூடாது என்பாள். அவ்வளவு சுத்தக்காரி. உறை பழசாகிச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஒரு முனையில் கீறல்.

அதைப் போட்டேன். சுழலவிட்டேன். சாப்பிடப் போனேன். திரும்பி வந்து துளி எடுத்துத் தகட்டில் வைத்தேன்.

நடுவில் புள்ளி. விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தது. பழைய புள்ளிகள் இரண்டும் ஏறக்குறைய மறைந்திருந்தன.

ஆர்கான் என் தோளைத் தட்டினான். அவன் யாரையும் தட்டி நான் பார்த்ததில்லை. மேடம் அறையிலிருந்து ஓடிவந்தார். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே அத்தைக்குப் போன் செய்துவிட்டார். மறுமுனையில் அத்தை என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்து மேசையில் எதையோ எடைபோட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டாள்.

மறுநாள் அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். முன்பு வராதது இப்போது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். குடுவை ஒரே கம்பெனி, ஒரே அளவு. மேசை மாறினால் வேதியியல் மாறாது. பொருள்கள் அதே புட்டியிலிருந்து எடுத்தவை. மிச்சம் இருப்பது காந்தம்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். காந்தத்தைக் கழுவி உலர்த்தினேன். எல்லாவற்றையும் அதே மாதிரி போட்டேன். இரும்பை மட்டும் போடவில்லை.

சாப்பிடப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றேன். நிறமற்ற திரவத்தில் சாம்பல் காந்தம் சுற்றிக்கொண்டிருந்தது. துளி எடுத்தேன். தகட்டில் வைத்தேன். விளக்கைப் போட்டேன்.

நடுவில் புள்ளி. நேற்றைப் போலவே நீலம்.

நான் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பழைய தகடோ என்று பார்த்தேன். இன்னொன்று வைத்தேன். அதிலும் இருந்தது. அன்றைக்கு மருத்துவரைப் பார்த்த மாதிரி அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரும்பு எதுவுமே செய்யவில்லை.

அவள் வருவதற்கு முன் அந்தப் பொது டப்பாவைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பல்லேடியத்தில் வேலை செய்தவர். எப்போதோ வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய பல்லேடியம் கண்ணுக்குத் தெரியாத தூசாக அந்தக் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாதாரணக் கழுவலுக்கு அது வராது. ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகக் கசிந்து, வளையங்களை ஒட்டிவைத்தது. அந்த வினைக்கு அந்தத் துளி போதும்.

அப்படியானால் அவள் வெற்றுச் சோதனை, நாங்கள் பிளாங்க் என்பது, செய்யவில்லையா? இரும்பு இல்லாமல் போட்டுப் பார்க்காமல் எவரும் இதை எழுத மாட்டார்கள். ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். செய்திருந்தாள். இரும்பு இல்லாமல் வினை நிகழவில்லை என்று தெளிவாக இருந்தது. அடுத்த வரியையும் படித்தேன். இரும்பின் மிச்சம் கலந்துவிடாமல் இருக்க, வெற்றுச் சோதனைக்குப் புதுக் குடுவையும் புதுக் காந்தமும் பயன்படுத்தப்பட்டன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அலட்சியமான ஆளாக இருந்தால் கையில் கிடைத்த காந்தத்தையே எதற்கும் போட்டிருப்பாள். முதல் மாதத்திலேயே வண்டவாளம் வெளியே வந்திருக்கும். இவள் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பார்த்துப் பார்த்துச் செய்ததனாலேயே கடைசிவரை தெரியாமல் போயிற்று. இதை அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். சண்டைக்கு வருவாள். அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆர்கான் எழுந்து வந்தான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை. இரண்டு தகட்டையும் விளக்கின் கீழ் பார்த்துவிட்டு அதை அணைத்தான். பெஞ்சில் உட்கார்ந்தான்.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒரே அளவாகத் தட்டி அடுக்கினார்.

"உன்ன யாருப்பா பிளாங்க் போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

"வருதான்னு கேட்டாரு. வருது. அத மட்டும் எழுது. அதுல பொய் எங்க இருக்கு?"

"எந்த மேக்னட்ல வருதுன்னு எழுதணுமே மேடம்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் கொள்ளி வைத்த அன்று என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டவர். இறந்துபோன பெண்ணின் வேலையை ஒரு பிளாங்க்கை நம்பி உடைக்கக்கூடாது, உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். உறுதியாகத் தெரிய ஒரு வழிதான் இருந்தது. அவருக்கும் தெரியும்.

இராஜதிராவகம். தங்கத்தைக் கரைக்கிற அமிலக் கலவை, பல்லேடியத்தையும் கரைக்கும். அதில் ஊறவைத்தால் காந்தம் சுத்தமாகிவிடும். அதன் பிறகும் வினை வந்தால் நான் தப்பு. வராவிட்டால் அவள் தப்பு. எப்படியானாலும் அதை அவள் விட்டுப்போன நிலையில் மறுபடி பார்க்க முடியாது.

இடுக்கியால் எடுத்துப் போட்டேன். ஆரஞ்சுப் புகை எழுந்து காற்றுப்போக்கிக்குள் போயிற்று. நன்றாக ஊறவிட்டேன். எடுத்துக் கழுவி உலர்த்தி, அவளுடைய இரும்பைப் போட்டு, அவள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். அவள் காந்தம்தான் சுற்றியது.

இரண்டு புள்ளிகள். நடுவில் ஒன்றும் இல்லை.

தகட்டில் தேதி போட்டேன்.

போனில் சொல்ல முடியாது என்று அத்தையைப் பார்க்கப் போனேன். பயிற்சி மைதானத்தில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். அத்தை என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பேசிக்கொண்டே ஓட்டுங்க மாப்ள, சும்மா நின்னா பெட்ரோல் வீண் என்றார். தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகவும், வாசலில் மாட்டப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். நான் முதல் கியரிலேயே மைதானத்தைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே சொன்னேன். இரும்பு செய்ததாக நினைத்ததைப் பழைய காந்தத்தில் ஒட்டியிருந்த வேறொன்று செய்தது என்று.

வண்டி குலுங்கி நின்றது. நான் பிரேக்கைத் தொடவில்லை.

"அவ பொய் சொன்னாளா?"

"இல்ல அத்தை. அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, மேடத்துக்கு, கூடப் படிக்கிறவனுக்கு. இப்ப உங்களுக்கு."

அத்தை கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கூம்புகள் வரிசையாக நின்றன. அவருடைய கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உங்களால? செத்தும் அவள விட மாட்டீங்களா?"

ஆய்வேடு அச்சில் வந்தால் எங்கேயாவது ஒருவர் படிப்பார், தன்னுடைய காந்தத்தைப் போட்டுச் செய்வார், அவருக்கு வராது என்றேன். வராவிட்டால் இன்னொருவர் செய்வார். அவருக்கும் வராது. அப்போது அவர்கள் இவள் தவறிவிட்டாள் என்று சொல்லமாட்டார்கள். இட்டுக்கட்டினாள் என்பார்கள். இல்லை என்று சொல்ல அவள் வரமாட்டாள்.

"பட்டம்?"

"வராமப் போகலாம்."

"இறங்குங்க."

இறங்கினேன். அத்தை இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூம்பு ஒன்று சாய்ந்தது. அவர் கூம்பை இடித்து நான் பார்த்ததில்லை.

எழுதி அனுப்பினேன். புதுக் காந்தம், பழைய காந்தம், இரும்பு இல்லாமல், அமிலத்தில் ஊறியபின். எல்லாம். மேடம் ஒரு நாள் முழுக்கக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். அப்புறம் போட்டார். போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. ஆறாம் அத்தியாயத்தை நீக்கவேண்டும். எஞ்சியது முனைவர் பட்டத்துக்குப் போதாது. அதற்கு ஒரு படி கீழே உள்ள பட்டத்தை வழங்கலாம். வாசித்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மாணவி உயிரோடு இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் கொடுத்திருப்பார்கள், வேறு ஏதாவது செய்து முடித்திருப்பாள் என்றார்.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பெயர்ப்பலகைக் கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். அட்வான்ஸை நீங்களே வச்சுக்கோங்க என்றார். அப்புறம் துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அத்தன வருஷம் அவ ஒண்ணுமே பண்ணலையா?"

"பண்ணினா அத்தை. அந்த இரும்புச் சேர்மம் அவ செஞ்சது. அதுல தப்பு இல்ல. அவ செய்யறதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு உலகத்துல எங்கயும் கிடையாது."

"அது எதுக்கு ஆகும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வருவது வரட்டும் என்று உண்மையைச் சொன்னேன்.

"எதுக்கும் ஆகாது."

அத்தை என்னை முறைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவள் இறந்ததிலிருந்து யாராவது அடித்தால் தேவலை என்று இருந்தது. அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எனக்குக் காட்டுங்க."

மறுநாள் காலை கூட்டிக்கொண்டு போனேன். ஆய்வகத்துக்கு அவர் வந்ததே இல்லை. மேடம் எழுந்து நின்றார். அத்தை அவருக்குத் தலையசைத்துவிட்டு என் பின்னால் வந்தார். ஆர்கான் எங்கிருந்தோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு விலகிக்கொண்டான்.

காற்றுப் புகாத பெட்டி சுவரோரம் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி. அதிலிருந்து கறுப்பு ரப்பர்க் கைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நம் கைகளை அதற்குள் நுழைத்துத்தான் உள்ளே இருப்பதைத் தொட முடியும். நான் கைகளை நுழைத்து, பின்வரிசையிலிருந்து அவள் செய்த இரும்புச் சேர்மம் இருந்த சின்னப் புட்டியை எடுத்து, கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தேன். அடியில் கொஞ்சம் பொடி. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தேன். ஒயின் நிறம். படிகங்கள் மினுங்கின.

அத்தை, மூக்கு பெட்டியின் கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவருடைய மூச்சு கண்ணாடியில் படிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

வெளியே எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். எடுக்கலாம், ஆனால் திறந்தால் காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும், அப்புறம் அது வெறும் துருதான் என்றேன். திறக்காமலே வெளியில் வைத்தாலும் மெல்ல மெல்லக் காற்று புகும் என்றேன்.

அத்தை முக்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எடுக்காதீங்க," என்றார். "அப்படியே பிடிச்சுக்கோங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்."

பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது.